ஈற்றெழுத்து

மொழியைக் கற்கும் மாணவர் தம் காதை நம்பியே தொழில் செய்கின்றனர். ஏட்டில் உள்ள தமிழைக் கண் படிக்கும். வாயில் உள்ள தமிழைக் காதன்றி வேறெதுவும் படிக்கமாட்டாது. சென்ற ஆண்டு என் சிறப்புக்கலைப் பட்ட ஆய்வேட்டுக்காக மட்டக்களப்புக் கரையோரத்து மீன்பிடி மக்களின் பேச்சு வழக்கைத் திரட்டப் புகுந்தபோது, இவ்வுண்மையை நான் நன்கு அறிந்திருப்பதாகவே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென எனக்கு உணர்த்தியது ஓர் இரவல் ஹெட்செற். அக்கதையையே ஈண்டு எழுதுகின்றேன். கணினி கற்றோர்க்கு இதிலுள்ள தொழினுட்பம் மிக எளியதாகத் தோன்றலாம். கலைப்பீடத்து நண்பர்க்கு அது சிறிது பயன்படவுங் கூடும்.

என் தகவலாளருள் முதன்மையானவர் என் பெரியம்மா. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றிட்டிலே வாழ்ந்தவர். வலை பொத்துவதிலும் கருவாடு போடுவதிலும் கை தேர்ந்தவர். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றுக்களின் பெயர்களை அவர் வாயாற் சொல்லக் கேட்டு ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தேன். கச்சான் எந்த மாதத்தில் எழும், அப்போது கடல் எந்நிறங் கொள்ளும் என்றெல்லாம் சொல்லி வந்தவர், யான் கேளாமலே வேறொரு நாளுக்குப் போய்விட்டார்.

“அண்டைக்குக் காத்தே இல்ல, மகள். காத்தில்லாமக் கடல் வந்திச்சி.”

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கிச் சில மணி நேரத்தில் எங்கள் கிழக்குக் கரையைக் கடல் விழுங்கியது. பெரியம்மாவின் மூத்த மகள் அன்று போனவள். அவளுக்கு அப்போது ஆறு வயது, எனக்கு இரண்டு. எங்கள் வீட்டில் அவளைப் பற்றிப் பேசுவோர் இல்லை. அவள் எவ்வாறு போனாள் என்று எவரும் கேட்டதுமில்லை. அன்று பெரியம்மா சொன்னார். பதிவுக் கருவி மேசைமேல் ஓடிக்கொண்டேயிருந்தது. முடிவில் அதைக் கண்டவர், “இது உனக்குத்தான் சொன்னது. வேற ஆக்கள் கேக்கப்படா,” என்றார். “ஹெட்செற் போட்டுத்தான் கேப்பன், பெரியம்மா. ஒராளுக்கும் கேக்காது,” என்று வாக்களித்தேன். எழுதி முடித்தபின் அப்பகுதியை என்ன செய்வதென்று அவரிடமே கேட்பதாகவும் சொன்னேன்.

வாக்குக் கொடுத்தல் எளிது. பேராதனைக்குத் திரும்பி வந்தபின்னரே அதன் பாரம் தெரிந்தது. விடுதி அறையில் நாங்கள் நால்வர். பகலில் விரிவுரை, இரவிலேதான் எழுத்துப்பெயர்ப்பு. ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக நிறுத்தி, மீட்டு, வேகங் குறைத்து எழுத உதவும் மென்பொருள் ஒன்றையே எனக்கு முன் இவ்வாய்வைச் செய்தோர் கையாண்டிருந்தனர். அவர்கள் சேர்த்து வைத்த கோப்புகள் அதிலன்றித் திறவா. அதுவோ விண்டோசுக்கென எழுதப்பட்ட பழைய 32 பிற் மென்பொருள். என் மடிக்கணினியோ பழையது. விண்டோசின் புதிய பதிப்புகளைச் சுமக்க வலுவின்றி, லினக்ஸ் மின்ட் இட்டபின்னரே மூச்சு விட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்சில் இயக்க வேண்டுமாயின் இடையில் ஒருவர் வேண்டும். அவ்விடையாளின் பெயர் வைன்.

வைன் என்பது 1993இல் தொடங்கப்பெற்ற திட்டம். அதன் முதலாம் முழுப்பதிப்பு 2008 ஆனி மாதத்திலேயே வெளிவந்தது. பதினைந்து ஆண்டுக்கால உழைப்பு. அது கணினிக்குள் மற்றொரு கணினியைப் போலியாகப் படைப்பதன்று. மென்பொருள் விண்டோசை நோக்கி விடுக்கும் வேண்டுகோள் ஒவ்வொன்றையும் அப்போதைக்கப்போது லினக்சுக்கு விளங்கும் வேண்டுகோளாக மாற்றிக் கொடுப்பது. நீதிமன்றத்தில் சாட்சிக்கும் நீதிபதிக்கும் இடையே நிற்கும் உரைபெயர்ப்பாளரை ஒத்தது எனலாம். சாட்சி, நீதிபதிக்குத் தம் மொழி தெரியும் என்றே எண்ணிப் பேசலாம். உரைபெயர்ப்பாளர் வாய்மூடினால் வழக்கு நின்றுவிடும்.

முதல் நாள் அவர் வாய்மூடியே இருந்தார். மென்பொருள் திறந்தது, ஒலியின் அலைவடிவம் திரையில் ஏறியிறங்கியது, காலங்காட்டும் கோடு நகர்ந்தது, ஓசை மட்டும் இல்லை. எல்லாம் நடப்பதுபோற் காட்டி ஒன்றும் கேளாதிருப்பது ஒரு விசித்திரமான அனுபவம். முதலில் கருவியைப் பழித்தேன். பின்பு என் அறியாமையைப் பழித்தேன். தெரிந்த பொத்தான்களையெல்லாம் அழுத்தினேன். வைனின் அமைப்புச் சாளரத்தில் ஒலிக்கென ஒரு பக்கம் உண்டு. அங்கே ‘முறைமையின் இயல்புச் சாதனம்’ என்றிருந்ததை மாற்றி, கணினியில் உள்ளமைந்த ஒலிச்சாதனத்தைப் பெயர் சுட்டித் தெரிந்து வைத்தேன். அதனாலும் பயனில்லை. அம்மாற்றத்தை நான் மறந்துபோனேன். அம்மறதியின் விலை பின்னர் வரும்.

அக்பர் பாலத்துக்கு அப்பால் பொறியியற் பீடத்தில் படிக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் ஒரே வார்த்தையில் வழி சொன்னார்: “அக்கா, எல்லாத்தையும் ஒண்டாய் மாத்தாதேங்கோ. சத்தம் எங்கயிருந்து வெளிக்கிட்டு எங்க போகுதெண்டு படிபடியாய்ப் போய்ப் பாருங்கோ. எந்தப் படியில நிக்குதோ, அங்கதான் பிழை.”

அப்படிகளை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மென்பொருளிலிருந்து வைன், வைனிலிருந்து ஒலிச்சேவகம், அதிலிருந்து அல்சா எனப்படும் கருவின் ஒலிப்பகுதி, அதிலிருந்து கருவி, கருவியிலிருந்து காது. பல மென்பொருள்களின் ஓசைகளை ஒருங்கே வாங்கி, எதனை எக்கருவிக்கு விடுப்பதென்று பங்கிடுவது ஒலிச்சேவகத்தின் பணி. 2004இல் தொடங்கிய பல்ஸ்ஓடியோ பல்லாண்டு அப்பணியைச் செய்தது; அண்மைக்காலத்தில் பைப்வயர் அவ்விடத்தை ஏற்று, பழைய மென்பொருள்களுக்குப் பல்ஸ்ஓடியோவின் மொழியிலேயே மறுமொழி கூறி வருகின்றது. என் கணினியிலும் பைப்வயரே.

கீழிருந்து தொடங்கினேன். லினக்சுக்கே உரிய ஒலியியக்கி ஒன்றில் ஒரு பாட்டைப் போட்டேன், கேட்டது. ஆகவே கருவி, அல்சா, ஒலிச்சேவகம் மூன்றும் குற்றமற்றவை. எஞ்சியது வைன். அதன் ஒலிப்பக்கத்தை மீண்டும் திறந்து இம்முறை நிதானமாக வாசித்தேன். தெரிவுசெய்யப்பட்ட இயக்கி என்னும் இடத்தில் ‘எதுவுமில்லை’ என்ற பொருளில் ஒரே ஒரு சொல் நின்றது. அது முதல் நாளும் அங்கேதான் நின்றிருக்க வேண்டும். காரணமும் எளியது. மென்பொருள் 32 பிற்; என் கணினி 64 பிற். என் கணினியிலிருந்த வைனில் 32 பிற் மென்பொருளுக்கு ஒலிச்சேவகத்தோடு பேச 32 பிற் நூலகங்களே வேண்டியிருந்தன. அவை என் கணினியில் நிறுவப்படவில்லை. நிறுவி, மென்பொருளை மூடித் திறந்தேன். இயக்கியின் பெயர் தோன்றியது. அப்பக்கத்திலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினேன். மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் ஓசை எழுந்தது. நான் சிரித்தேன். தோழியரும் சிரித்தனர்.

மறுநாள் இரவு ஹெட்செற்றை இரவல் வாங்கி வந்தேன். யூ.எஸ்.பி. துளையிற் செருகும் வகை. காது முழுவதையும் மூடும் தடித்த மெத்தைகள். அவ்வகை ஹெட்செற் தன்னுள்ளேயே ஒரு தனி ஒலி அட்டையைக் கொண்டது என்பதையும், ஆதலின் கணினி அதனை மற்றொரு சாதனமாகவே கொள்ளும் என்பதையும் நான் அறியேன். செருகினால் ஓசை தானே அதற்குட் போகும் என்றிருந்தேன். இயல்புச் சாதனத்தைப் பின்பற்றும் மென்பொருள்கள் அவ்வாறு போகவுங் கூடும். ஆனால் நான்தான் முன்பு உள்ளமைந்த சாதனத்தைப் பெயர் சுட்டிக் கட்டி வைத்து மறந்திருந்தேனே!

பெரியம்மாவின் பதிவைத் திறந்து, அந்த நாளைப் பற்றிய பகுதிக்குச் சென்று, இயக்கினேன். காதில் ஒன்றும் விழவில்லை. ஒலியளவைக் கூட்டினேன். பின்னும் கூட்டினேன். உச்சம்வரை கூட்டினேன். மெத்தைகள் காதை மூடியிருந்தமையால் வெளியே நடப்பது எனக்குத் தெரியவில்லை. தற்செயலாக நிமிர்ந்தபோதே என் எதிர்க்கட்டிலிலிருந்த மன்னார்த் தோழி என்னை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். அவள் கன்னம் நனைந்திருந்தது. மற்றொருத்தி சுவரை நோக்கித் திரும்பிப் படுத்துவிட்டாள். மூன்றாமவள் எழுந்து விறாந்தைக்குப் போய்விட்டாள். ஹெட்செற்றைக் கழற்றினேன். அறை முழுவதும் என் பெரியம்மாவின் குரல்.

நிறுத்துதற்கு என் கை எத்துணை நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவர்க்கும் கேளாது என்று வாக்களித்த குரல், எனக்கு மட்டும் கேளாது மற்றெல்லார்க்கும் கேட்டது. தோழியர் ஒன்றும் பேசவில்லை. அவர்கள் என்னிடம் ஏதேனும் கேட்டிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அவ்விரவு நான் மேற்கொண்டு எழுதவில்லை. விடிந்தபின், யாருமில்லாத வேளையில், பிழையைத் தேடினேன். ஒலிச்சேவகத்தின் கட்டுப்பாட்டுச் சாளரத்தில், இயங்கும் மென்பொருள் ஒவ்வொன்றும் தன் ஓசையை எச்சாதனத்துக்கு விடுக்கின்றது என்பது வரிசையாகத் தெரியும். மென்பொருளின் பெயருக்கு நேரே உள்ளமைந்த ஒலிபெருக்கி. ஹெட்செற் தனியே வெறுமனே கிடந்தது. வைனின் ஒலிப்பக்கத்தில் நான் கட்டிய கட்டை அவிழ்த்து, மீண்டும் இயல்புச் சாதனத்துக்கு மாற்றினேன். ஹெட்செற்றைச் செருகி அதனையே இயல்பாக்கியபின் மென்பொருளைத் திறந்தேன். உள்ளமைந்த ஒலிபெருக்கியை முற்றாக அடக்கிவைத்தேன். பதிவை இயக்குமுன் ஹெட்செற்றைக் கையிற் பிடித்து, பெரியம்மா காற்றின் பெயர் சொல்லும் பகுதியைப் போட்டுப் பார்த்தேன். இவ்வொழுங்கை அன்றுமுதல் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. சில நொடிச் சோதனை முன்னைய இரவில் எல்லாவற்றையும் காத்திருக்கும்.

மூன்றாவது பிழை இவ்விரண்டினும் நுண்ணியது. இப்போது குரல் காதுக்கு வந்தது. ஆயின் உடைந்து வந்தது. படபடவென்னும் வெடிப்பொலி இடையிடையே எழுந்து சொற்களைக் கடித்துச் சென்றது. காற்றின் பெயர்களை அவ்வாறே எழுதிவிட முடிந்தது. அவை எனக்கு முன்பே தெரிந்தவை. அந்த நாளின் கதைக்கு வந்தபோது ஒரு சொல்லில் நின்றேன்.

“கைய விட்டுட்ட...”

அதன்பின் ஒரு வெடிப்பு. அடுத்து, “மறுகா...” என்று வேறொரு வாக்கியம்.

தமிழிலே வினைமுற்றின் ஈறே செய்தவர் யாரென்று சொல்லும். ஆண்பாலுக்கு னகரவொற்று, பெண்பாலுக்கு ளகரவொற்று என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே வகுத்துவிட்டார். எங்கள் பேச்சு வழக்கிலோ ‘விட்டுவிட்டேன்’ என்பது ‘விட்டுட்டன்’ எனக் குறுகும். ‘விட்டுவிட்டாள்’ என்பது ‘விட்டுட்டாள்’ ஆகும். இரண்டிற்கும் வேறுபாடு ஒரு நெட்டுயிரும் ஈற்றில் ஓரொற்றுமே. அவ்விடத்தைத்தான் அவ்வெடிப்பு விழுங்கியிருந்தது. கையை விட்டது தாயா, பிள்ளையா?

பத்து முறை கேட்டேன். பின்னர் ‘விட்டுட்டாள்’ என்று எழுதினேன். காதிற் கேட்டதை எழுதியதாகவே அப்போது நம்பினேன். பாயும் நீரிலே ஆறு வயதுப் பிள்ளையின் ஈரக்கை வழுகிப் போயிற்று, அதுவே இயல்பு, அதுவே நடந்திருக்கும். எழுதி முடித்ததும் என் மனம் இலேசாயிற்று. அவ்விலேசே எனக்கு ஐயத்தைத் தந்தது. எழுத்துப்பெயர்ப்புச் செய்பவரின் மனம் எதனால் இலேசாக வேண்டும்?

அம்மாலை பொறியியற் பீடத்துத் தம்பி வெடிப்பொலியின் காரணத்தை விளக்கினார். கணினி ஓசையைத் தொடர்ச்சியாக அனுப்புவதில்லை. சிறு பொதிகளாகக் கட்டியே அனுப்புகின்றது. என் பதிவில் ஒரு செக்கனுக்கு 48,000 மாதிரிகள். 10 மில்லிசெக்கன் நீளமுள்ள பொதியில் 480. தோணியிலிருந்து கரைக்கு மீன்கூடைகளைக் கைமாற்றுவோரைப் போல, ஒரு பொதி தீருமுன் அடுத்தது வந்து சேர வேண்டும். பழைய கணினி, நடுவே உரைபெயர்ப்பாளர், பொதியோ மிகச் சிறிது. ஒரு கை தாமதித்தால் அடுத்த கை வெறுங்கையாகும். அவ்வெறுமையே வெடிப்பொலி. அதற்குப் பரிகாரம் விரைவு அன்று, தாமதம். ‘பல்ஸ் லேற்றன்சி எம்செக்’ என்னும் சூழல்மாறிக்கு 60 என்று பெறுமானங் கொடுத்து மென்பொருளைத் தொடங்கினால், ஒலிச்சேவகத்தின் களஞ்சியத்தில் 60 மில்லிசெக்கன், அதாவது 2,880 மாதிரிகள், எப்போதும் முன்கூட்டிச் சேர்ந்திருக்கும். ஓசை சற்றுப் பிந்தியே காதுக்கு வரும். ஆனால் முழுமையாக வரும். உடனுக்குடன் மறுமொழி வேண்டும் விளையாட்டுக்கு அத்தாமதம் இடையூறாகலாம். கேட்டு எழுதுவோர்க்கு அதனால் ஒரு குறையுமில்லை.

அவ்வாறே செய்தேன். தோழியர் உறங்கியபின் ஹெட்செற்றை அணிந்து அவ்வாக்கியத்தை இயக்கினேன். வெடிப்பு இல்லை. பின்னணியில் கோழி ஒன்று கொக்கரிப்பதும், பெரியம்மாவின் கையிலிருந்த வலையூசி மேசையில் தட்டுப்படுவதுங்கூடக் கேட்டன.

“கைய விட்டுட்டன்.”

ஐயமே இல்லை. குறிலும் னகரமும் துலக்கமாக நின்றன. நான் ‘விட்டுட்டாள்’ என்று எழுதியிருந்த தாளைப் பார்த்தேன். ஓசை உடைந்த இடத்தில் என் ஆசை ஓரெழுத்தை இட்டு நிரப்பியிருந்தது. அன்பினாற் செய்த பிழைதான். ஆயினும் ஒரு பெண் இருபது ஆண்டுகளாக நெஞ்சில் அடக்கி, ஒரே ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னதை, நான் ஓரொற்றால் அழித்திருந்தேன். சொன்னவர் வேண்டியது ஆறுதலன்று. சொன்னதைச் சொன்னபடி ஒருவர் கேட்பது.

இக்கதையில் வரும் பிழைகள் மூன்றும் எவரும் திருத்தக்கூடியவை. மௌனத்துக்கு உரிய நூலகங்களை நிறுவலாம். வழி தவறிய ஓசையை உரிய சாதனத்துக்குத் திருப்பலாம். உடையும் ஓசைக்குச் சிறிது அவகாசங் கொடுக்கலாம். ஒவ்வொரு படியிலும் நின்று பாராமல் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுவோர் நான் கட்டிய கட்டைப் போல ஒன்றைக் கட்டிவிட்டு மறப்பர். கருவிப் பிழைகளை இவ்வாறு திருத்த முடிந்தது. என் காது செய்த பிழையைக் காட்டித்தரும் பக்கமெதுவும் எந்தச் சாளரத்திலும் இருக்கவில்லை.

விடுமுறையில் ஊருக்குப் போனேன். பெரியம்மா முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். அருகில் இருந்து இரண்டையும் சொன்னேன்: தோழியர் கேட்டுவிட்டதை முதலிலும், நான் பிழையாக எழுதித் திருத்தியதைப் பின்னரும். ஊசி சிறிது நேரம் நின்றது.

“எழுதினதில அது இருக்கோணுமா, மகள்?”

“வேணாமெண்டா எடுத்துருவன், பெரியம்மா.”

“எடு. அது உனக்குச் சொன்னது.”

மீண்டும் ஊசி ஓடத் தொடங்கியது. இரண்டு மூன்று கண்ணி பின்னியபின், தலை நிமிராமலே கேட்டார்.

“கேட்ட புள்ளயள் என்ன சொன்னதுகள்?”

“ஒண்டும் சொல்லல்ல, பெரியம்மா. ஒராள் அழுதா.”

அவர் நூலைப் பல்லாற் கடித்து அறுத்தார்.

“மறுகா?” என்றார்.

‘மறுகா’ என்பது ‘பின்பு’ எனப் பொருள்படும் எங்கள் வட்டார வழக்கு. என் ஆய்வேட்டின் சொற்பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. மூன்று நிமிடப் பதிவு அதில் இடம்பெறவில்லை. அன்று முற்றத்தில், மேசைமேல் எக்கருவியும் இன்றி, பொழுது சாயும்வரை நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.